வாசகர் கேள்விகள்: செங்கெனித்தில் 439 பேரைக் கொன்றது எது?

சென்ற இதழில் வேல்ஸ் நாட்டின் செங்கெனித் நிலக்கரிச் சுரங்க வெடிப்பைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். 1913 அக்டோபர் 14, இறந்த தொழிலாளர்கள் 439 பேர், பிரிட்டன் கண்ட மிகப் பெரிய சுரங்க விபத்து. அவ்வளவுதான் அதில் இருந்தது. இது போதாது, ஏன், எப்படி என்று விளக்குங்கள் என்று நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்து, சுரங்கக் காற்றோட்டமும் பாதுகாப்பும் அறிந்தவர்களிடம் பதில் பெற்று இங்கே தருகிறோம்.

அன்று காலை என்னதான் நடந்தது? 439 பேரும் ஒரே நொடியில் இறந்தார்களா?
— சேலம் வாசகர்

இல்லை. பலர் வெடிப்பின்போது உயிரோடுதான் இருந்தார்கள். பிறகு இறந்தார்கள்.

செங்கெனித், கார்டிஃப் நகருக்கு வடக்கே கேர்ஃபிலி பக்கத்தில் ஏபர் பள்ளத்தாக்கில் உள்ள ஊர். அங்கிருந்த 'யுனிவர்சல்' சுரங்கத்துக்கு நேர்க்குத்தாக இறங்கும் குழிகள் இரண்டு. ஒன்றின் பெயர் லங்காஸ்டர், இன்னொன்று யார்க். ஆழம் ஏறத்தாழ 600 மீட்டர். சுத்தக் காற்று லங்காஸ்டர் வழியாக இறங்கி, சுரங்கம் முழுவதும் சுற்றி, அழுக்காகி யார்க் வழியாக மேலேறும். யார்க் குழியின் வாயில் இருந்த ராட்சத விசிறி அதை உறிஞ்சி வெளியே தள்ளும்.

அதிகாலை 5.10க்குத் தொடங்கி 6 மணிக்குள் ஏறத்தாழ 950 பேர் கீழே இறங்கினார்கள். 8 மணி தாண்டிச் சில நிமிடங்களில் மேற்குப் பகுதியில் வெடிப்பு. அதன் வேகம் லங்காஸ்டர் குழிக்குள் இருந்த இரும்புக் கூண்டை மேலே தூக்கிக் கோபுரத்தில் மோதவைத்தது. குழியின் வாயில் நின்று வேலை செய்த ஒருவர் அங்கேயே இறந்தார். கிழக்குப் பகுதியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் காயமின்றி யார்க் வழியாக வெளியே வந்தார்கள். மேற்கில் நிலைமை வேறு. லங்காஸ்டர் குழியின் அடிவாரத்தை ஒட்டித் தீ பிடித்துவிட்டது. சுத்தக் காற்று உள்ளே போகும் பாதையே அதுதான். அதனால் புகையும் நச்சுவாயுவும் காற்றோடு சேர்ந்து மேற்குப் பகுதித் தொழிலாளர்களை நோக்கியே போயின. தீயை அணைக்கக் கீழே போதிய தண்ணீர் ஏற்பாடு இல்லை. மேற்குப் பகுதியின் ஒரு மூலையில் 18 பேரை மறுநாள் உயிரோடு மீட்டார்கள். அதற்குப் பின் மீட்கப்பட்டவை உடல்கள் மட்டுமே. அந்த வேலை வாரக்கணக்கில் நீண்டது. மீட்புப் பணிக்குப் போன ஒருவரும் இறந்தார். இறந்தவர்களில் 14 வயதுச் சிறுவர்களும் உண்டு. தந்தையை இழந்த குழந்தைகள் 542 பேர்.

மீத்தேன் இருந்தால் உடனே வெடித்துவிடுமா? எவ்வளவு இருந்தால் ஆபத்து?
— மதுரைக் கல்லூரி மாணவி

மீத்தேன், கரிப்படுகையிலிருந்து கசியும் எரிவாயு. காற்றில் அது 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் வெடிக்காது. 15 விழுக்காட்டுக்கு மேலே போனாலும் வெடிக்காது, ஏனென்றால் எரியப் போதிய ஆக்ஸிஜன் இருக்காது. இடைப்பட்ட அளவுதான் ஆபத்து. அதிலும் ஒன்பதரை விழுக்காட்டுக்கு அருகில் வெடிப்பு மிகக் கடுமையாக இருக்கும். அப்போது மீத்தேனும் ஆக்ஸிஜனும் மிச்சமில்லாமல் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன.

15க்கு மேல் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. வாயு நிறைந்த பகுதிக்குள் காற்றை விட்டால், அளவு குறைந்து வரும் வழியில் அந்த 15–5 எல்லையைக் கடந்தே ஆக வேண்டும். மூடிக் கிடந்த பகுதியை அவசரமாகத் திறந்து காற்றோட்டம் கொடுக்கும்போது வெடிப்பு நேர்வது இதனால்தான்.

மீத்தேன் காற்றைவிட லேசானது, ஏறத்தாழ பாதி எடை. கூரையின் அடியில் ஒரு படலமாகத் தேங்கும். தலைமட்டத்தில் சோதித்து ஒன்றும் இல்லை என்று போய்விட்டால், ஒரு சாண் மேலே 5 விழுக்காடு இருக்கலாம். கரியை எடுத்துவிட்டுக் கைவிட்ட பகுதிகளில் வாயு நிறைந்து கிடக்கும். அங்கே கூரை சரிந்தால் அது வேலை நடக்கும் பாதைக்குள் தள்ளப்படும். வெளியே காற்றழுத்தம் குறைந்தாலும் அதேதான். புயல் நெருங்கும்போது பாரோமீட்டர் இறங்கும், கைவிட்ட பகுதியிலிருந்து வாயு தானாகவே வெளியே கசியும். சுரங்கத்தின் வாயிலில் பாரோமீட்டர் மாட்டி வைத்து அளவைக் குறிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மீத்தேன் ஓரிடத்தில்தானே வெடித்திருக்கும்? அது எப்படி மேற்குப் பகுதி முழுவதற்கும் பரவியது?
— திருச்சி, யாழ்ப்பாணம் வாசகர்கள் (இருவருக்கும் சேர்த்து)

சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். மீத்தேன் தொடங்கி வைத்தது, கொன்றது கரித்தூள்.

மீத்தேன் வெடிக்கும்போது தீக்கு முன்னால் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. அது தரையிலும் பக்கச் சுவரிலும் கூரை மரங்களிலும் படிந்திருக்கும் நுண்ணிய கரித்தூளைக் கிளப்பிக் காற்றில் மிதக்க விடுகிறது. பின்னால் வரும் தீ அந்தத் தூள்மேகத்தைப் பற்றுகிறது. அதனால் புதிய அழுத்த அலை எழுகிறது, அது அடுத்த பகுதியின் தூளைக் கிளப்புகிறது. தூள் இருக்கும் வரை இது நிற்காது. கிலோமீட்டர்க் கணக்கில் ஓடும்.

எவ்வளவு தூள் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 50 கிராம் கரித்தூள் மிதந்தால் போதும், தீ பரவும். 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள சுரங்கப் பாதையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 6 கன மீட்டர் காற்று. அதற்கு 300 கிராம் தூள். அதே ஒரு மீட்டர் நீளத்தில் தரை, கூரை, இரு சுவர்கள் சேர்த்தால் பரப்பு 10 சதுர மீட்டர். ஆக, சதுர மீட்டருக்கு 30 கிராம். தடிமனாகப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அதாவது நீங்கள் கையில் பிடித்திருக்கும் இந்தப் பக்கத்தின் தாளில் பாதி. கால் வைத்து நடந்தால் தடம் தெரிகிற அளவுக்குத் தூள் படிந்திருந்தால், அது தேவைக்கு மேல்.

யுனிவர்சல் சுரங்கம் வறண்டது, வெப்பமானது, தூள் மிகுந்தது. கரி ஏற்றிய வண்டிகள் விளிம்புக்கு மேல் குவித்து நிரப்பப்பட்டு, எதிர்க்காற்றில் பாதை நெடுகத் தூளைச் சிந்திக்கொண்டே போகும். 1911-ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்கச் சட்டம் தரையில் மட்டுமல்ல, கூரையிலும் பக்கங்களிலும் படிந்த தூளை அகற்ற வேண்டும் என்றது. செங்கெனித்தில் கூரையும் பக்கங்களும் சுத்தம் செய்யப்படவில்லை என்பது விசாரணையில் வெளிவந்த குறைகளில் ஒன்று.

இது அறியாமையால் நடந்தது என்று சொல்ல முடியாது. அதே சுரங்கத்தில் 1901 மே 24 அதிகாலை ஏற்கெனவே ஒரு வெடிப்பு நடந்து 81 பேர் இறந்திருந்தார்கள். இரவு வேலை முடிந்து ஆட்கள் வெளியேறிக்கொண்டிருந்த நேரம் என்பதால்தான் எண்ணிக்கை அந்த அளவில் நின்றது. அப்போது ஆராய்ந்த சுரங்கப் பொறியாளர் வில்லியம் கேலவே, கரித்தூளே தீயைப் பரப்பியது என்று எழுதினார். 1906 மார்ச் 10 அன்று வட பிரான்ஸின் கூரியேரில் 1,099 பேர் இறந்த வெடிப்புக்குப் பிறகு, தூளின் பங்கைப் பற்றி எவருக்கும் ஐயம் இருந்திருக்க முடியாது. அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் செங்கெனித்.

இறந்தவர்கள் எல்லோரும் தீக்காயத்தால் இறந்தார்களா?
— ஈரோடு வாசகர்

சிலர் தீயாலும் வெடிப்பின் வேகத்தாலும் இறந்தார்கள். சுரங்க வெடிப்புகளில் பொதுவாக அதிகமானவர்களைக் கொல்வது கார்பன் மோனாக்சைடு. 1896-இல் 57 பேர் இறந்த டைலர்ஸ்டவுன் சுரங்க வெடிப்பில் உடல்களை ஆராய்ந்த உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் இதை உறுதிப்படுத்தினார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒட்டவேண்டிய இடத்தில் இந்த வாயு 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். மணம் இல்லை, நிறம் இல்லை. இறந்தவரின் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும், தூங்குகிறவர் என்றே நினைக்கத் தோன்றும்.

கனேரி என்னும் சிறு பறவையைக் கூண்டில் எடுத்துச்செல்லச் சொன்னதும் ஹால்டேன்தான். சிறிய உடல், வேகமான மூச்சு, ஆகவே மனிதரைவிட முந்தி மயங்கும். பறவை கிளையிலிருந்து விழுந்தால், மீட்புக் குழு திரும்பிவரச் சில நிமிடங்கள் கிடைக்கும். பிரிட்டன் சுரங்கங்களில் 1986 வரை இந்தப் பழக்கம் இருந்தது.

முதல் தீப்பொறி எங்கிருந்து வந்தது?
— கோயம்புத்தூர் மின்பணியாளர்

உறுதியாக நிறுவப்படவில்லை. கூரை சரிந்தபோது கற்கள் மோதிய பொறியாக இருக்கலாம், விளக்கு ஏற்றும் இடத்திலிருந்து பற்றியிருக்கலாம் என்றெல்லாம் விசாரணையில் பேசப்பட்டது. ஆனால் மின்பணியாளரான உங்களுக்கு மிகவும் பிடிபடக்கூடிய ஒரு காரணமும் அங்கே இருந்தது. அது மணி அடிக்கும் கம்பி.

கரி வண்டிகளைக் கயிற்றால் இழுக்கும் எந்திரம் ஓரிடத்தில் இருக்கும், வண்டிகள் எங்கோ தொலைவில் இருக்கும். 'இழு', 'நிறுத்து' என்று சொல்ல மின்மணி. பாதை நெடுக இரண்டு வெற்றுக் கம்பிகள், உறை கிடையாது, சில அங்குல இடைவெளியில் இணையாக ஓடும். ஒரு முனையில் பேட்டரியும் மணியும். தொழிலாளி எந்த இடத்தில் நின்றாலும் இரண்டு கம்பிகளையும் கையால் நெருக்கியோ ஓர் இரும்புத் துண்டைக் குறுக்கே வைத்தோ தொட்டால் மணி அடிக்கும். வசதிதான். ஒவ்வொரு முறையும் தொட்டு விலக்கும்போது அங்கே ஒரு பொறியும் வரும்.

மின்னழுத்தம் குறைவு, எனவே ஆபத்தில்லை என்றுதான் அன்று நினைத்தார்கள். அந்த நினைப்பில் ஓட்டை எங்கே என்று பாருங்கள். மணிக்குள் இருப்பது இரும்பு நடுத்தண்டில் சுற்றிய செப்புச் சுருள். மின்னோட்டம் ஓடும்போது அந்தச் சுருளில் காந்த ஆற்றல் சேர்கிறது. சுற்றை முறிக்கும் நொடியில் அந்த ஆற்றல் முழுவதும் பொறியாகக் கம்பி விலகும் இடத்தில் வெளியேறுகிறது. பேட்டரி சில வோல்ட்தான், ஆனால் முறியும் இடத்தில் எழும் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு. மீத்தேனைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம். சட்டையைக் கழற்றும்போது சில வேளை 'சுருக்'கென்று வரும் நிலைமின் பொறியிலேயே அதைவிட அதிகம் இருக்கும்.

இதற்கும் முன்னெச்சரிக்கை இருந்தது. 1912-இல் அருகிலிருந்த பெட்வாஸ் சுரங்கத்தில் மூன்று பேர் இறந்த வெடிப்பு, மணிக் கம்பியின் பொறியால் நேர்ந்தது என்று கண்டிருந்தார்கள்.

செங்கெனித்துக்குப் பிறகு ஆர். வி. வீலர், டபிள்யூ. எம். தார்ன்டன் என்ற இரு ஆய்வாளர்கள் மணிச் சுற்றுகளைச் சோதனைச்சாலையில் வைத்துப் பொறிகளை அளந்தார்கள். ஆற்றலைக் கட்டுப்படுத்தினால் பொறி வந்தாலும் வாயு பற்றாது என்பது உறுதியானது. சுருளுக்குக் குறுக்கே ஒரு மின்தடையை இணைத்தால் சேர்ந்த ஆற்றல் பொறியாகாமல் அதில் கரைந்துபோகும். இன்று பெட்ரோலிய ஆலைகளில் பயன்படும் வாக்கி-டாக்கி, வாயு அளவி, அழுத்தமானி ஆகியவற்றில் 'எக்ஸ் ஐ' (Ex i) வகை முத்திரை பார்த்திருப்பீர்கள். பொறி வந்தாலும் வாயுவைப் பற்றவைக்காத கருவி என்பது அதன் பொருள். அதன் மூலக் கருத்து அந்த மணிச் சோதனைகளில் பிறந்ததுதான். அப்படிப்பட்ட கருவியில் பழுது பார்க்கும்போது, மதிப்பு ஒத்துவருகிறதே என்று கடையில் கிடைத்த மின்தேக்கியையோ பேட்டரியையோ மாற்றிப் போடாதீர்கள். கருவி வேலை செய்யும், பாதுகாப்பு போய்விடும்.

விசிறியைத் திருப்பிச் சுழற்றியிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள் என்று ஓரிடத்தில் படித்தேன். உண்மையா?
— நாகர்கோவில் வாசகி

இது இன்றுவரை வாதத்துக்குரிய கேள்வி. இரண்டு பக்கமும் சொல்கிறோம்.

1911-ஆம் ஆண்டுச் சட்டம், 1913 ஜனவரி 1-க்குள் எல்லாச் சுரங்கங்களிலும் காற்றின் திசையைத் திருப்பும் வசதி இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. செங்கெனித் நிர்வாகம் அவகாசம் கேட்டு வாங்கியது. நீட்டித்த அவகாசம் செப்டம்பரோடு முடிந்தது. அக்டோபர் 14 அன்றும் வேலை முடியவில்லை.

சுழற்சியை மாற்றினால் போதுமே என்று தோன்றும். வீட்டு மின்விசிறி வகையில் அது சரி. சுரங்கங்களில் அன்று இருந்தவை நடுவில் காற்றை உறிஞ்சி விளிம்பில் வீசும் வகை. அதைப் பின்னோக்கிச் சுழற்றினாலும் காற்று அதே திசையில்தான் போகும், பலவீனமாகப் போகும், அவ்வளவுதான். திசையைத் திருப்ப வேண்டுமானால் விசிறியைச் சுற்றி மாற்றுக் காற்றுவழி கட்டி, கதவுகள் பொருத்தி, உறிஞ்சும் வாயை வெளிக்காற்றுக்கும் வீசும் வாயைக் குழிக்கும் இணைக்க வேண்டும். மேலே ஆள் ஏறி இறங்கும் வாயும் காற்றுப் புகாத இரட்டைக் கதவாக இருக்க வேண்டும். கட்டுமான வேலை அது. பிடிக்கும் நாளை முன்பே கணக்கிட்டு அதற்குள் முடித்திருக்க வேண்டும்.

திருப்பியிருந்தால்? தீ காற்று நுழையும் பாதையில் இருந்தது. திசை மாறியிருந்தால் புகை லங்காஸ்டர் குழி வழியாக மேலே போயிருக்கும், உள்ளே மாட்டியவர்களுக்கு யார்க் பக்கமிருந்து நல்ல காற்று கிடைத்திருக்கும். இது ஒரு பக்கம். மறுபக்கம், வெடிப்பின்போது காற்றைப் பிரித்து அனுப்பும் தடுப்புகளும் கதவுகளும் சிதறியிருக்கும். திருப்பிய காற்று எங்கே போகும் என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. உள்ளே தேங்கிய மீத்தேனைத் தீயை நோக்கியே அது தள்ளியிருக்கவும் கூடும். மேலாளர் எட்வர்ட் ஷா, வசதி இருந்திருந்தாலும் நிலைமை தெரியாமல் திருப்பியிருக்கமாட்டேன் என்ற நிலையை எடுத்தார்.

அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் வசதி இருந்து, யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுப்பது வேறு. வசதியே இல்லாமல் நிற்பது வேறு. அன்று காலை அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பே எவருக்கும் இல்லை. சட்டம் கொடுத்த வாய்ப்பு அது, நிர்வாகம் பறித்துவிட்டது. கீழே இறங்கித் தீயோடு போராடியவர் ஷா என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பொறுப்பானவர்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது?
— சென்னை வழக்கறிஞர்

தலைமைச் சுரங்க ஆய்வாளர் ரெட்மெயின் விசாரணைக்குத் தலைமை வகித்தார். முதலாளிகள் தரப்பில் எவன் வில்லியம்ஸ், தொழிலாளர் தரப்பில் ராபர்ட் ஸ்மைலி உடன் அமர்ந்தார்கள். மேலாளர்மீது 17 குற்றச்சாட்டுகள், நிறுவனத்தின்மீது 4. மேலாளருக்கு அபராதம் 24 பவுண்டு. நிறுவனம் முதலில் தப்பியது. மேல்முறையீட்டில் அதற்கு 10 பவுண்டு அபராதமும் செலவுத்தொகையும் விதிக்கப்பட்டன. மேலாளரின் 24 பவுண்டை இறந்தவர்களால் வகுத்து, ஓர் உயிருக்கு ஒரு ஷில்லிங்கும் ஒரு பென்னிச் சொச்சமும் என்று அன்றைய செய்தித்தாள் எழுதியது. சிறைக்கு ஒருவரும் போகவில்லை. சுரங்கம் மீண்டும் திறக்கப்பட்டு 1928 வரை ஓடியது.

வாயு இருக்கிறதா என்று அன்று எப்படிச் சோதித்தார்கள்?
— தஞ்சாவூர், அறிவியல் ஆசிரியர்

பாதுகாப்பு விளக்கால். 1812-இல் ஃபெல்லிங் சுரங்கத்தில் 92 பேர் இறந்ததை அடுத்து வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவி 1815-இல் உருவாக்கியது. சுடரைச் சுற்றி ஓர் அங்குலத்துக்கு 28 கம்பிகள் கொண்ட வலை, சதுர அங்குலத்துக்கு 784 துளைகள். வாயு உள்ளே போய் எரியும், ஆனால் கம்பிகள் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் தீ வெளியே வராது.

சோதிக்கும் முறை இது. திரியை இறக்கி, சுடர் ஒரு மெல்லிய நீலக் கோடாகும்வரை குறைக்க வேண்டும். விளக்கை நேராகப் பிடித்து மெதுவாகக் கூரை நோக்கி உயர்த்த வேண்டும். வாயு இருந்தால் சுடரின் மேல் வெளிறிய நீல நிறத்தில் ஒரு தொப்பி தெரியும். பழகிய கண்ணுக்கு 1.25 விழுக்காட்டிலேயே மங்கலாகத் தெரியும். 3 விழுக்காட்டில் தெளிவான முக்கோணம். 5-ஐ நெருங்கினால் விளக்கு முழுவதும் நீலம் நிறைந்துவிடும். அப்போது பதறிச் சட்டென்று இழுக்கக் கூடாது, ஊதவும் கூடாது. நிதானமாகக் கீழே இறக்கி, அணிந்திருக்கும் கோட்டுக்குள் மூடி அணைக்க வேண்டும். வேகமான காற்றில் சுடர் வலையைத் தாண்டி வெளியே பாய்ந்துவிடும் என்பதே இந்த விளக்கின் பெரிய பலவீனம். வலையில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் அது பாதுகாப்பு விளக்கு அல்ல.

செங்கெனித்தில் வாயுச் சோதகர்கள் அதிகாலை 3 மணிக்கு இறங்கினார்கள். ஷிஃப்ட் 5.10க்கு இறங்கத் தொடங்கும். சிலர் தங்கள் பகுதிக்குப் போய்ச் சேரவே இரண்டு மைலுக்கு மேல் நடக்க வேண்டும். கரி வெட்டும் ஒவ்வொரு முகத்திலும் நின்று, திரியை இறக்கி, கூரைவரை உயர்த்திப் பார்க்க அந்த நேரம் போதவே போதாது. தலையை நீட்டிப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகத்தான் நேரம் இருந்தது.

கோலார் தங்கவயலில் எங்கள் முன்னோர் மூன்று தலைமுறை வேலை செய்தார்கள். அங்கே இப்படி வாயு வெடித்ததாகக் கேட்டதில்லையே?
— பெங்களூருத் தமிழர்

மீத்தேன் தாவரம் மட்கிக் கரியாகும்போது உண்டாவது. தங்கம் இருக்கும் கடினப் பாறையில் அந்த மூலமே இல்லை. அங்கே கொன்றது பாறை வெடிப்பு. 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாகச் சிதறும்.

நெய்வேலியில் இது நடக்குமா?
— விருத்தாசலம் வாசகி

நெய்வேலியில் இருப்பவை திறந்தவெளிச் சுரங்கங்கள், எடுப்பது பழுப்பு நிலக்கரி. அதில் மீத்தேன் குறைவு, வருவதும் வானத்தோடு கலந்துவிடும். செங்கெனித் வகை வெடிப்புக்கு மூடிய பாதை வேண்டும். ஆனால் பழுப்பு நிலக்கரிக்கு வேறொரு குணம் உண்டு, குவித்துவைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கன்வேயர் கூடங்களிலும் அரைவைப் பகுதியிலும் சேரும் தூளுக்கு மேலே சொன்ன அதே கணக்கு பொருந்தும். 2020-இல் அங்கே உயிர்ப்பலி வாங்கியவை அனல்மின் நிலையக் கொதிகலன் விபத்துகள், சுரங்க வெடிப்பு அல்ல.

இந்தியாவில் இவ்வளவு பெரிய வெடிப்பு நடந்திருக்கிறதா? சஸ்நாலாவும் வாயு வெடிப்புத்தானா?
— விழுப்புரம் வாசகர்

சஸ்நாலா (1975 டிசம்பர் 27, 375 பேர்) வெள்ளம் புகுந்த விபத்து. வாயுவும் தூளும் வெடித்தவை என்றால், 1958 பிப்ரவரி 19 அன்று ஆசன்சோல் அருகே சினாகுரி, 1965 மே 28 அன்று இன்றைய ஜார்க்கண்டின் டோரி. டோரியில் 268 பேர் இறந்தார்கள்.

இன்றைய நம் விதிகள் நிலத்தடிக் கரிப்படுகைகளை வாயு வெளிவரும் அளவை வைத்து மூன்று தரமாகப் பிரிக்கின்றன. ஒரு டன் கரிக்கு ஒரு கன மீட்டர் வரை வாயு வந்தால் முதல் தரம், பத்து வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம். வெளியேறும் காற்றில் மீத்தேன் 0.75 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எந்த இடத்திலும் 1.25-ஐத் தாண்டினால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், ஆட்களை வெளியேற்ற வேண்டும். வெடிக்கும் அளவான 5-க்கு நான்கில் ஒரு பங்கிலேயே வேலையை நிறுத்திவிடுவது இதன் பொருள்.

கரித்தூளுக்கு மருந்து சுண்ணாம்புக்கல் பொடி. பாதை முழுவதும் தூவி, படிந்திருக்கும் தூளில் எரியாத பொருள் குறைந்தது 75 விழுக்காடு இருக்கச் செய்ய வேண்டும். அதாவது ஒரு கிலோ கரித்தூள் விழுந்தால் மூன்று கிலோ பொடி. அழுத்த அலை இரண்டையும் சேர்த்தே கிளப்பும், பொடி சூட்டை உறிஞ்சித் தீயை அணைக்கும். யார்க்‌ஷயரில் வில்லியம் கார்ஃபோர்த் இதை 1908-இலேயே பெரிய அளவில் சோதித்துக் காட்டியிருந்தார். தவறு எங்கே நேர்கிறது என்றால், ஒரு முறை தூவிவிட்டு மறந்துவிடுவதில்தான். கரித்தூள் நாள்தோறும் விழுந்துகொண்டே இருக்கும், பொடியின் மேல் புதுப் படலமாக உட்காரும். அந்த மேல் படலம்தான் முதலில் கிளம்பும். ஈரம் பட்டால் பொடி கட்டியாக இறுகிவிடும், அலை வந்தாலும் எழும்பாது. இதோடு கூரையை ஒட்டித் தண்ணீர்த் தொட்டிகளும் வரிசையாக வைப்பார்கள். தீக்கு முன்னால் ஓடிவரும் அழுத்தமே அவற்றைக் கவிழ்த்து, பின்னால் வரும் தீக்கு நீர்த்திரை போடும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் இன்று இப்படி நடக்கிறதா?
— திருநெல்வேலி வாசகர்

நடக்கிறது. 2010 ஏப்ரல் 5, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா, அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம், 29 பேர். கரி வெட்டும் எந்திரத்தின் பற்கள் தேய்ந்திருந்தன. தேய்ந்த பல் கரியைச் சீவாமல் மணற்கல்லில் உராய்ந்து பொறி எழுப்பும். அதைக் குளிர்விக்க வேண்டிய தண்ணீர்த் தெளிப்பான்கள் சரியாக வேலை செய்யவில்லை. சிறிதளவு மீத்தேன் பற்றியது. பாதைகளில் போதிய சுண்ணாம்புப் பொடி இல்லை. மீதியைக் கரித்தூள் செய்தது. 97 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வரிசை. நிறுவனத் தலைவர் டான் பிளாங்கன்ஷிப் பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்ததாகத் தீர்ப்பாகி ஓராண்டு சிறை சென்றார்.

உலகிலேயே மிக அதிகமானோர் இறந்தது 1942 ஏப்ரல் 26, சீனாவின் பென்ஷிஹூ சுரங்கம், 1,549 பேர். அப்போது அது ஜப்பானிய ஆக்கிரமிப்பில் இருந்தது. தீயைக் கட்டுப்படுத்த விசிறியை நிறுத்திக் குழியை மூடிவிட்டார்கள். பெரும்பாலோர் கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள்.

எங்கள் ஊரில் பழைய கிணற்றில் இறங்குமுன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணையாவிட்டால் இறங்கலாம் என்பார்கள். சுரங்க விளக்கும் இதுவும் ஒன்றா? கழிவுநீர்த் தொட்டிக்கும் இது பொருந்துமா?
— அரியலூர் வாசகர்

பாதி ஒன்று. காற்றில் ஆக்ஸிஜன் வழக்கமாக 21 விழுக்காடு. 16–17க்குக் குறைந்தால் எண்ணெய் விளக்கு அணைந்துவிடும். ஆகவே விளக்கு அணைந்தால் நிச்சயம் இறங்கக் கூடாது, அதுவரை சரி. அணையவில்லை என்பதால் இறங்கலாம் என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு. கார்பன் மோனாக்சைடு இருந்தால் விளக்கு அணையாது. கிணற்றுக்குள் டீசல் பம்ப் ஓடியிருந்தால் அந்த வாயு இருக்கும்.

கழிவுநீர்த் தொட்டியில் விளக்கை இறக்கவே கூடாது. அங்கே மீத்தேன் உண்டு, உங்கள் விளக்குக்கு வலையும் இல்லை, தொட்டி வெடிக்கும். அங்கு உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு தொடக்கத்தில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஏறத்தாழ 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களிலேயே ஆள் விழுந்துவிடலாம். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவதும், அவரும் விழுவதும்தான் ஒரே தொட்டியில் மூவர், நால்வர் இறக்கக் காரணம். தகுந்த பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கழிவுநீர்த் தொட்டிக்கு உறிஞ்சும் லாரியை அழையுங்கள். கிணற்றில் இறங்கியே ஆக வேண்டுமென்றால், ஆக்ஸிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகிய நான்கையும் காட்டும் அளவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். ஊதும் விசிறியின் குழாயை அடிவரை விட்டுத் தொடர்ந்து காற்று கொடுக்க வேண்டும். இறங்குபவர் உடலில் வார்ப்பட்டை கட்டி, கயிற்றின் மறுமுனை மேலே முக்காலியில் இருக்க வேண்டும். மயங்கினால் எவரும் இறங்காமலே தூக்கிவிட முடியும். அளவி இல்லை, கயிறு இல்லை என்றால் தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொல்லுங்கள்.